அமிர்தி இறக்கம்

போன மாதம் அமிர்தி ரோட்டில் டீ குடிக்க ஸ்கூட்டரை நிறுத்தினேன். கடை வாசலில் ஒரு இளவட்டக் கூட்டம். தலையில் ஹெல்மெட், முழங்காலில் கவசம், டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயர் போட்ட சைக்கிள்கள். பெங்களூரிலிருந்து வந்து ஜவ்வாது மலைக் காட்டுக்குள் ஓட்டப் போகிறார்களாம். பின்னாலேயே ஒரு வேன், தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு. என் கல்யாண ஊர்வலத்துக்குக்கூட இத்தனை ஏற்பாடு இல்லை.

நான் ஒரு சைக்கிளையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, அதற்குச் சொந்தக்காரப் பெண் கிட்டே வந்தாள். "பிரேக்க புடிச்சுப் பாருங்க அங்கிள். ஒரு விரல் வெச்சா போதும், நின்னுடும்" என்றாள். ஒரு விரல் வைத்தேன். நின்றது. விரலை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியவர் சைக்கிளோடு ஓடிவிடுவாரோ என்று அந்தப் பெண் பயந்திருக்கலாம். என் தொப்பையைப் பார்த்துத் தைரியமாகியிருப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் குமாஸ்தா. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வார்கள். முதலாளி முஸ்லிம், அதனால் வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. என் கூட்டாளி சாம்சன் விடியற்காலை ஆராதனையை முடித்துக்கொண்டு, ஷாப் பேண்ட்டோடு நேராக வேலைக்கு வருவான். அவனுக்கும் இதாயத்துக்கும் பாலிஷ் போடுகிற பகுதியில் ஒரே மேஜையில் வேலை. கிளாஸ் டம்ளரும் டீயும் மாதிரி, ஒருத்தன் இருக்கிற இடத்தில் இன்னொருத்தன். நான் அதில் விழுந்த ஈ.

சாம்சனுக்கு ஒரே ஆசை, மிலிட்டரி. காலையில் பாலாற்று மணலில் ஓடுவான். மணலில் ஓடிப் பழகினவனுக்குத் தரையில் ஓடுவது தூங்குகிற மாதிரி என்பான். எங்களுக்கு மூச்சு வாங்கும், பார்ப்பதற்கே. அந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. ரம்ஜான் முடிந்த அடுத்த வியாழக்கிழமை வேலூரில் ஓட்டப் பரீட்சை. ரம்ஜானுக்கு ஷாப்புக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தது. அவன் பட்டாளத்துக்குப் போகுமுன் மூன்று பேரும் ஒரு தடவை அமிர்திக் காட்டுக்குப் போய்வருவது என்று முடிவானது. மலையேற்றம் காலுக்கு நல்லது என்று சாம்சன் சொன்னான். பிரியாணி எங்கே சாப்பிட்டாலும் நல்லது என்று நான் ஒத்துக்கொண்டேன்.

வாடகைக் கடை சைக்கிள்களுக்கு பிரேக் ரப்பர் என்பது ஒரு ஐதீகம். தோல் ஷாப் ஆட்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. கதவுக் கீலா, அடிபம்பு வாஷரா, ஆடுகிற கட்டில் காலா, எதுவானாலும் தோலை வெட்டி வைப்போம். சாம்சன் மெஷின் பெல்ட்டுக்கான தடித்த தோலில் பிரேக் கட்டை வெட்டி மூன்று சைக்கிளுக்கும் மாட்டினான்.

"ரப்பரு இன்னாடா ரப்பரு. இது எருமத் தோலு, எண்ணெ குடிச்சது. தேயவே தேயாது."

உண்மைதான், தேயவில்லை. ஆம்பூர் தெருக்களில் சத்தமே இல்லாமல் பிடித்தது. எண்ணெய் குடித்த தோல் சூடானால் அந்த எண்ணெயைக் கக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் ஆம்பூரில் மலை இல்லையே. அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

முதல் ராத்திரி வேலூர் பாகாயத்தில் சாம்சனின் அக்கா வீட்டில் தங்கினோம். அவர் நர்ஸ். இதாயத் வீட்டு பிரியாணியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, எங்களை வராண்டாவில் படுக்கச் சொன்னார். தலையணை உறையெல்லாம் ஷாப் வாசனை ஏறிவிடுமாம். என்ன வாசனை என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஆம்பூர்க்காரனுக்கு ஆம்பூர் மணக்காது.

மறுநாள் அமிர்தியைத் தாண்டி மண்பாதையில் மேலே ஏறினோம். சாம்சன் மிதித்தே ஏறினான், நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். மூங்கிலும் புளியமரமுமாய்க் காடு. கீழே எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். உச்சியில் நின்றபோது மூக்குக்கு ஒன்றுமே வரவில்லை. எனக்கு ஜலதோஷம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இலை, மண், யாரோ போட்ட சருகுத் தீ என்று ஒவ்வொன்றாக வந்தது. இதாயத் தன் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு, "டேய், நம்ம மேலதாண்டா நாத்தம்" என்றான். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்க யாருக்கும் மனசில்லை.

இறங்கும்போது சாம்சன் முன்னால் போய் ஒரு வளைவில் எங்களுக்காகக் காத்து நின்றான். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். நான் வழக்கமான வீரத்தோடு, செருப்பைத் தரையில் தேய்த்தபடி கடைசியில் வந்தேன். காட்டுக்கு நடுவில் திடீரென்று ஷாப் வாசனை, சூடேறின தோலும் எண்ணெயும். எனக்கு முன்னால் இதாயத் சைக்கிள் குறையவேண்டிய இடத்தில் குறையவில்லை. அவன் கத்தக்கூட இல்லை. "பிரேக்கு புடிக்கலடா" என்று சாதாரணமாகச் சொன்னான், ஏதோ டீயில் சர்க்கரை கம்மி என்கிற மாதிரி.

சாம்சன் தன் சைக்கிளை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து இதாயத்தின் ஹேண்டில்பாரைப் பிடித்தான். விடவில்லை. சைக்கிள் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்து ஓரப் பாறையில் மோதி நின்றது. இதாயத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாம்சனின் வலது கால் பாறைக்கும் சைக்கிளுக்கும் நடுவில். இழுத்து எடுத்தபோது பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவன் அழவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வியாழக்கெழமைக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?" என்று கேட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சாம்சனைக் கேரியரில் உட்காரவைத்து இதாயத் மலை முழுக்கத் தள்ளிக்கொண்டே இறங்கினான். மிச்ச இரண்டு சைக்கிளையும் நான் தள்ளினேன், அல்லது அவை என்னைத் தள்ளின. கீழே வந்து ஒரு விறகு லாரியில் இடம் பிடித்துப் பாகாயம் போனோம். அக்கா வாசலிலிருந்தே காலைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடிந்ததும் சாம்சன் கேட்டான்.

"அக்கா, ஓட முடியுமா?"

"நடக்கறதுக்கு ஜெபம் பண்ணு."

வியாழக்கிழமை வந்தது, போனது. கட்டு பிரித்தபின் சாம்சன் அதே மேஜைக்கு நொண்டிக்கொண்டு திரும்பினான். வீட்டிலிருந்து ஷாப்புக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. தினம் காலையில் அவன் வீட்டு வாசலில் இதாயத் சைக்கிளோடு நின்றான். சாம்சன் அவனோடு பேசவில்லை. கேரியரில் ஏறுவான், ஆனால் இதாயத் முதுகைப் பார்க்கிற பக்கம் உட்கார மாட்டான். பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்காருவான். பிரேக் தோலை வெட்டினது அவன், கையை நீட்டிப் பிடித்ததும் அவன். யார் மேல் கோபப்படுவது என்று அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பஜாரில் ஒரு ஆள், "இன்னா சாம்சா, ரிவர்ஸ்ல போறே?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியது என் தலையெழுத்து. நான்தான் பின்னால் சைக்கிளில் வருகிறேன். சாவு வீட்டிலேயே சிரிப்பை அடக்கத் தெரியாதவன் நான். அந்த மாதங்களில் சிரிக்காமல் சைக்கிள் ஓட்டப் பழகினேன். இதாயத் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவான். தம்பி பரீட்சை, பக்கத்து வீட்டு ஆடு, நேற்றைய மழை. பதில் வராது. மறுநாளும் பேசுவான்.

ஒரு நாள் தூறலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூன்று பேரும் நின்றோம். இதாயத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"நீ கைய வுட்டிருக்கலாம் இல்ல, சாம்சா?"

கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுக்கப் போய்த் தீர்ந்தது. சாம்சன் என்னைப் பார்த்தபடியே, இதாயத்துக்குச் சொன்னான்.

"வுட்டுட்டு?"

அவ்வளவுதான். கேட் திறந்தது, போனோம். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் போனது சாம்சனின் முகம் இல்லை, முதுகு. அவன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இதாயத் தோளில் ஒரு கையை வைத்திருந்தான். தம்பி பாஸா என்று கேட்டது என் காதில் விழுந்தது.

இப்போது அந்த கேட் இல்லை, மேலே பாலம் போய்விட்டது. ஷாப் இருந்த இடம் கல்யாண மண்டபம். ஷாப் சங்கு ஊதினதும் ரோடு கொள்ளாமல் வருகிற சைக்கிள் கூட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆளுக்கொரு பைக்கில், ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். சாம்சன் கிருஷ்ணகிரியில் மகனோடு இருக்கிறான்.

போன வருஷம் இதாயத் போய்ச் சேர்ந்தான். நான் போன் பண்ணி, சாம்சன் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கபர்ஸ்தானுக்கு நான்தான் கூட்டிப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. எல்லாரும் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

"மூஞ்சி எந்தப் பக்கம்டா வெச்சிருப்பாங்க?" என்று கேட்டான்.

மெக்கா இருக்கிற பக்கம், மேற்கே என்றேன். மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு சுற்றிப்போய், மேற்குப் பக்கம் இதாயத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.