தாலிச் சரட்டில் ஒரு சாவி

பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பால் டம்ளரை வாங்குவதற்கு முன் கீதாஞ்சலி புது ஃப்ரிட்ஜைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். அடுத்து கிரைண்டர். அப்புறம் சுவிட்சுப் பெட்டிக்கு ஐயர் வைத்துவிட்டுப் போன ஈரச் சந்தனத்தை முந்தானையால் துடைக்கிறார். "சாமி கோவிச்சுக்காதுங்க. கரண்ட்டுதான் கோவிச்சுக்கும்." இவரை விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கரண்ட் கசிகிற இடத்தை உள்ளங்கையால் தொட்டால் கை இறுகப் பிடித்துக்கொள்ளுமாம், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடுமாம். தொழிற்சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொன்னது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும்போது மட்டும்தான் இந்தப் பழக்கம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று வெகுகாலம் நூல் பிசிறு வெட்டியவர். தொழிற்சங்கம் நடத்தும் எலக்ட்ரீசியன் பயிற்சியில் சேர்கிற ஓர் ஆளைக் கம்பெனியில் வேலை பழக எடுத்துக்கொள்வதாக முதலாளி வெள்ளியங்கிரி ஒப்பந்தத்தில் தெரியாத்தனமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். யாராவது வாலிபன் வருவான் என்று நினைத்திருப்பார். வந்து நின்றது கீதாஞ்சலி.

பயிற்சி என்றால் சும்மாவா? முதல் வருஷம் ஏணி பிடித்தார். இரண்டாம் வருஷம் அதே ஏணியை நல்ல அனுபவத்தோடு பிடித்தார். ஏணிக்கு மேலே நிற்பவர் கம்பெனியின் எலக்ட்ரீசியன் மேஸ்திரி முருகவேல். டெஸ்டர் என்பது பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று நம்பும் மாவீரர். "நம்மளக் கரண்ட்டுக்கு நல்லாத் தெரியும் அம்மிணி" என்பார். அந்தப் பழக்கத்தில் அவருடைய இடது சுண்டுவிரலுக்கு உணர்ச்சி போய்விட்டது.

ரிப்பேருக்காக மெஷின்களை நிறுத்துவது அந்தக் கம்பெனியில் மகா பாவம். ஆகவே மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தும்போதுதான் முருகவேல் ஏறுவார். அதே நேரத்தில்தான் முதலாளிக்கும் ஜெனரேட்டர் ஞாபகம் வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதுகாப்பு ஏற்பாடு, "போட்றாதீங்கோ" என்று மேலேயிருந்து வரும் ஒரு கூச்சல்.

சங்கத்தில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: சுவிட்சை அணை, பூட்டு, சாவியை நீயே வைத்துக்கொள். மற்றப் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டியிருப்பார்கள். கீதாஞ்சலி மாட்டியிருப்பது பூட்டுச் சாவி.

இது பயிற்சி முடிகிற மாதம். முதலாளி சரி என்றால் எலக்ட்ரீசியன், இல்லையென்றால் மறுபடியும் பிசிறு. இதை எழுதுவதற்காக நான் போயிருந்த அன்று கரண்ட் போனது. முருகவேல் ஏறி, தையல் மெஷின்களுக்கு மேலே ஓடும் லைனுக்குள் கையை விட்டார். வாசலில் சரக்கு ஏற்ற வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. ஜெனரேட்டர் சுவிட்சில் கீதாஞ்சலியின் பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரி நேராக ஏணியடிக்கு வந்தார்.

"சாவியக் குடுங்க அம்மிணி. மேஸ்திரிக்கு இதெல்லாம் பழக்கந்தான்."

"அண்ணன் எறங்கட்டுங்க. தர்றனுங்க."

"இப்பக் குடுக்கலீன்னா நாளைக்குச் செக்கிங் டேபிளுக்கே போயிருங்க."

மேலே இருந்த மாவீரர் கீழே பார்க்காமல் வயரையே முறுக்கிக்கொண்டிருந்தார். கரண்ட்டுக்குத் தன்னைத் தெரியும் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை, இறங்கி வரவும் இல்லை. முதலாளி மேல் வந்ததைவிட எனக்கு அவர் மேல்தான் அதிகம் எரிச்சல் வந்தது.

கீதாஞ்சலி சரட்டைச் சாவியோடு எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். வெள்ளியங்கிரி மரியாதை தெரிந்த மனிதர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீதாஞ்சலி இரண்டு கைகளாலும் ஏணியை அழுத்திப் பிடித்தார்.