இடப்பக்கம் சாய்ந்த புலிகள்

அணைத்த பிறகும் அந்தப் பழைய கணினியின் கண்ணாடித் திரையருகே கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள ரோமமெல்லாம் எழுந்து நிற்கும், 'சிர்ர்' என்று மெல்லிய ஓசை கேட்கும், சூடேறிய தூசியின் மணம் மூக்கில் ஏறும். மஸ்கட்டிலிருந்து திரும்பிய மாமா ஒருவர் தன் பிள்ளைகளுக்குப் புதியது வாங்கியதும் எங்களுக்குக் கொடுத்த பெட்டி அது. புதுக்கடை ஊரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சாலையோரத்து எங்கள் வீட்டின் முன்னறையில், அம்மாவின் தையல் மெஷினை ஒட்டி அதை வைத்திருந்தோம். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்த சி ப்ளஸ் ப்ளஸ்ஸை வைத்து ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற வெறி எனக்கு.

அப்பா பள்ளி வேன் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவர்களைத் திருப்பிக் கூட்டிவரும் மாலை நடை தொடங்கும்வரை வேன் ஸ்டாண்டில் மற்ற ஓட்டுநர்களோடு ஆடுபுலி ஆடுவார். சிமென்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்த முக்கோணக் கட்டம், மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்கு அப்பால் காலியிடம் இருந்தால் புலி தாண்டித் தின்னும். ஆடுகள் ஒன்றுக்கொன்று காவலாக நின்று புலிகளை அசையவிடாமல் அடைக்க வேண்டும். அப்பா எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் எடுப்பார். அவர் அடைத்த புலி வெளியே வந்ததில்லை என்று ஸ்டாண்டில் பேச்சு. நானும் அவரிடம் புலி வைத்து ஆடி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதனால்தான் எனக்குப் பதிலாகப் புலி ஆட ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினேன்.

முதலில் அது கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற புலியாக இருந்தது. பத்து நிமிடத்தில் அப்பா அதைக் கட்டிப்போடுவார். பிறகு ஒரு வழி கண்டேன். கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு எண் கொடுத்து, எந்தப் புள்ளியில் நின்று ஆட்டைத் தின்றதோ அதன் எண் கூடும்படியும், அடைபட்டால் குறையும்படியும் எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் எண்கள் ஒரு கோப்பில் பதிந்துவிடும், அடுத்த ஆட்டத்தில் புலி அதைப் பார்த்து நகரும். தினமும் மாலை நடை முடிந்து வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையில் விரலால் தொட்டுக் காட்டுவார், நான் கீபோர்டில் தட்டுவேன்.

ஒரு மாதத்துக்கு மேல் தோற்றுக்கொண்டே இருந்த புலி ஒருநாள் ஜெயித்தது. மறுநாளும் ஜெயித்தது. அப்பா திரையை வெறித்துப் பார்த்து, "இந்தப் புலி எங்கேந்து வந்தது மக்கா? இப்பம்வர இங்க இல்லியே" என்பார். நான் குதிப்பேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒவ்வொரு வெற்றிக்கும் சிவப்பு மையில் கோடு போட்டேன். அப்பாவைத் தோற்கடிக்கிற புரோகிராம் எழுதியவள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்த நாட்களில்தான் அப்பா ஸ்டாண்டில் ஆடுவதை நிறுத்தியிருந்தார். கூட்டாளிகளோடு பெரிய சண்டை என்று அம்மா சொன்னாள். கேட்டால், "அவனுவ கள்ளக்களி களிக்கானுவ. நாம பாக்காத நேரம் பாத்துக் காயை நீக்கி வைக்கானுவ" என்றார். இருபது வருடம் ஒரே பாத்திரத்தில் சாயா குடித்தவர்கள் அவர்கள். கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்ததே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அப்பாவை ஜெயித்த புலியோடு நானே ஆட்டுப் பக்கம் எடுத்து ஆடிப் பார்த்தேன். மூன்று புலிகளும் கட்டத்தின் இடப்பக்கமே போய் முண்டியடித்துக்கொண்டு நின்றன. சிரமமே இல்லாமல் அடைத்துவிட்டேன். மறுபடி ஆடினேன், மறுபடி அடைத்தேன். அப்பாவின் ஆடுகளை ஒருநாளும் வெல்லத் தெரியாத நான், அப்பாவை வெல்லுகிற புலியை இவ்வளவு எளிதாக எப்படி வென்றேன்? கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்தேன். இடப்பக்கத்துப் புள்ளிகளின் எண்கள் மட்டும் எக்கச்சக்கமாக ஏறிக்கிடந்தன. ஆடுபுலிக் கட்டத்தை நடுவே மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும். ஒரு பக்கத்துக்கு மட்டும் மதிப்பு கூட வழியே இல்லை. அப்படியானால் நான் எழுதியதில் எங்கோ பிழை.

மூன்று நாள் வரி வரியாகத் தேடினேன், பிழை கிடைக்கவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு வரியை மாற்றினேன்: கட்டம் திரையில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பித் தெரியும். புலியைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, அதே எண்கள், அதே நகர்த்தல். பார்ப்பவருக்கு மட்டும் இடது வலதாகும். பிழை புரோகிராமில் இருந்தால் அப்பா வழக்கம்போலத் தோற்க வேண்டும்.

அப்பா தோற்கவில்லை. ஒரு ஆட்டைக்கூட இழக்காமல் மூன்று புலியையும் அடைத்தார். "இன்னைக்கு உனக்க புலிக்கு என்ன பற்றிச்சு?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நான் அவருக்குத் தெரியாமல் வரியைப் பழையபடி மாற்றினேன், தோற்றார். மறுபடி திருப்பினேன், ஜெயித்தார். அவர் குளிக்கப் போனதும் திரையை அணைத்துவிட்டுச் சாய்வாகப் பார்த்தேன். கண்ணாடியின் வலப்பாதி முழுக்க அப்பாவின் விரல் தடங்கள். இடப்பாதியில் மாவு சலித்துத் தூவியதுபோலத் தூசி, ஒரு விரல்கூடப் படாமல் கிடந்தது. பிழை புரோகிராமில் இல்லை, அப்பாவின் கண் இடப்பக்கம் போவதே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னா? போ பிள்ளே" என்றாள். ஆனால் அன்று முழுக்க அவள் எதுவும் தைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா முற்றத்தில் நின்று வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சத்தமில்லாமல் போய் அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் எதிரே நின்று, "அம்மா எங்க, அப்பா?" என்று கேட்டேன்.

"அடுக்களையில நிப்பா. ஏன்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் வேனின் இடப்பக்கத்தைப் பார்த்தேன். தினமும் பார்த்த வேன்தான். கதவின் கீழே நீளமாக மூன்று கீறல், வளைந்த படி, கம்பியால் கட்டிய கண்ணாடி. ஒன்று யாரோ சைக்கிளைச் சாய்த்ததால் வந்தது, ஒன்று மதில் உரசியது என்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் முன்பு வேனிலிருந்து இறங்கிய யூகேஜி பிள்ளையின் புத்தகப்பை வண்டியில் மாட்டி வார் அறுந்து வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. "ஓடி வந்து முட்டிச்சு" என்று அப்பா சொல்லியிருந்தார். பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கத்தில்தான். அந்தப் பையை நினைத்ததும் நான் சத்தமாக அழத் தொடங்கிவிட்டேன்.

அம்மா வேனிலிருந்து சாவியை உருவினாள். நான் விம்மலோடு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு முகம் சிவந்தது.

"இருபது வருசமா எனக்கு ஒரு கேஸ் கிடையாது. கம்ப்யூட்டர்ல களிச்சுத் தோத்ததுக்கு வண்டிய நிறுத்தணுமா? சாவியத் தா."

"நான் இங்கன நிக்கியது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா, அவருக்கு இடப்பக்கத்திலிருந்து.

அப்பா குரல் வந்த திசைக்குத் திரும்பி, அவளைக் கண்டு ஒரு அடி பின்னால் வைத்தார். "நீ எப்பம் வந்த?"

"நீங்க துடைக்கத் தொடங்கினதுலேந்து நான் இங்கதான் நிக்கியேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார், பிறகு தலையை மெல்லத் திருப்பி மறுபடி அம்மாவைப் பார்த்தார். அப்படி இரண்டு மூன்று முறை செய்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. தன் கண்முன்னே ஒரு ஆள் இல்லாமல் போவதையும் வருவதையும் ஒருவர் முதல்முறையாக அறிகிற முகத்தை நான் அன்று பார்த்தேன். கடைசியில் தாழ்ந்த குரலில், "பிள்ளைகளுக்க வீட்டுக்கெல்லாம் போன் போடு. இன்னைக்கு வண்டி வராதுன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் பின்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தாலும் இடப்பாதி உலகம் அவருக்கு எட்டாது, எட்டவில்லை என்பதுகூடப் பலருக்குத் தெரியாது என்று டாக்டர் விளக்கினார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டபோது அம்மா என்னைக் காட்டினாள். எனக்கு நோட்டுப் புத்தகத்தின் சிவப்புக் கோடுகள்தான் கண்ணில் நின்றன. என் அப்பாவுக்குள் வளர்ந்த ஒன்றை நான் அத்தனை நாளும் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அறுவை முடிந்து இரண்டாம் நாள் அப்பா முதலில் கேட்டது, "அப்பம் அவனுவ கள்ளக்களி களிக்கல்ல, இல்லியா?" ஸ்டாண்டிலிருந்து நான்கு பேர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். அப்பா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கட்டி பொல்லாத வகையல்ல, மறுபடி வரவில்லை. போன பார்வை மட்டும் திரும்பவில்லை. வேன் கைமாறியது, சாலையை அகலப்படுத்தியபோது ஸ்டாண்டும் அதன் சிமென்டுத் தரையும் போயின, கணினி பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரன் வண்டியில் ஏறிப்போனது, எண்கள் இருந்த கோப்பும் அதோடு போயிற்று. அப்பா அதன்பிறகு ஆடுபுலி ஆடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மற்றவர்கள் எழுதியதைச் சோதிப்பதுதான் என் வேலை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவும் நானும் புதுக்கடைச் சந்தைக்கு நடந்தோம். சாலையைக் கடக்குமிடத்தில் நான் அவருக்கு இடப்பக்கம் போய் நின்றேன். அவர் தலையைத் திருப்பவில்லை. நேரே பார்த்தபடி, "வருதா மக்கா?" என்று கேட்டார். "வருது அப்பா. நில்லுங்க" என்றேன். அவர் நின்றார்.