சிறுத்தையைப் புதைக்கும் ஆடு

சுங்குவுக்கு வாய் நீளம். சந்தையில் அவளுடைய கருவாட்டுக் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அந்த வாயிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் லுவாபுலா ஆற்றின் இரண்டு கரையிலும் சிறுத்தைக் குலத்தில் யார் செத்தாலும் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவள் ஆட்டுக் குலம். எங்களிடையே சிறுத்தையைப் புதைக்கும் உரிமை ஆட்டுக்கு உண்டு. வீட்டார் அழலாம்; ஆடு அழக் கூடாது. செத்தவரைக் கேலி செய்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்த பிறகுதான் மண் தள்ள வேண்டும்.

சுங்கு குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொள்வாள். "குளிர்ச்சியா இருக்கு, நானே வச்சுக்கிறேன். கோழி குடுத்தா எந்திரிப்பேன்!" என்பாள். பிணத்தைச் சுமந்து நிற்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

அக்கரை காங்கோ. கலுபா அங்கிருந்து பனை எண்ணெய் விற்க ஓடத்தில் வருவாள். அவள் சிறுத்தை. இறங்கும்போதே இரண்டு பேருக்கும் கேலி தொடங்கிவிடும்.

"என்னடி ஆடு, உன்னை இன்னும் யாரும் கறி வைக்கலையா?"

"உனக்குப் பல்லு இருந்தாத்தானேடி கடிக்கிறதுக்கு!"

"நான் செத்தா நீதான் வந்து திட்டணும். வேற எவளாவது திட்டினா எந்திரிச்சு உக்காந்துடுவேன், பாத்துக்க."

"வராம எங்கடி போகப்போறேன்? கோழியை நல்லாக் கொழுக்க வை."

போன மழைக்காலத்தில் அக்கரையில் காலரா வந்தது. எங்கள் பக்கத்துச் சிப்பாய்கள் ஓடங்களையெல்லாம் கரையில் இழுத்துப்போட்டுச் சங்கிலி மாட்டினார்கள். ஒரு காலையில் கலுபாவின் தம்பி கபாசோ அக்கரையில் நின்று கத்தினான். ஆறு இங்கே குறுகல். காற்று இல்லாவிட்டால் பேச்சு கேட்கும்.

"சுங்கு அக்கா! அவ போயிட்டா!"

சுங்கு சிப்பாயிடம் ஓடினாள். "ஐயா, பொதைச்சிட்டு உடனே வந்துடறேன்."

"போயிட்டு நீங்க நோயோட வந்தா? இந்த ஊரையே யாரும்மா பொதைக்கிறது?" என்றான் அவன்.

அவன் கெட்டவன் அல்ல. சொன்னதிலும் தப்பில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். திட்டக்கூட ஆள் இல்லை.

கபாசோ ஆற்றோரத்திலேயே குழி தோண்ட வைத்தான். "அங்கேயிருந்தே திட்டு அக்கா! எங்களுக்குக் கேக்கும்!"

நாங்கள் எல்லாரும் கரையில் போய் நின்றோம். சுங்கு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"ஏய் கலுபா! எங்க ஆட்டையெல்லாம் தின்ன வயிறுடி அது! அந்த வயிறு..."

அதற்கு மேல் வரவில்லை. கலுபாவைக் கொன்றது வயிற்றுப்போக்கு. வாயைத் திறந்தபடியே நின்றவள், பிறகு ஓவென்று அழுதாள். எத்தனையோ சாவில் நான் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் அழுது அன்றுதான் கேட்டேன். அவளுக்குப் பதிலாக நானாவது ஏதாவது கத்தலாமா என்று துடித்தேன். நான் மீன் குலம். எனக்கு அந்த உரிமை கிடையாது.

அக்கரையில் துணி சுற்றிய உடலைக் கையில் ஏந்தியபடி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீயே அழுதா நாங்க எப்படி அவளைப் பொதைக்கிறது?" என்று கபாசோ கெஞ்சினான்.

சுங்குவால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு கலுபாவைக் குழியில் இறக்கி, யாரும் சிரிக்காமலே மண்ணைத் தள்ளினார்கள்.