ஊர்வே கொடுத்த சுருதி

வில்யாந்தி ஊரில் ஊர்வே லானெமேயைத் தெரியாதவர் கிடையாது. பகலில் பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதன்கிழமை மாலையானால் சேர்ந்திசைக் குழுவில் பாட்டு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "புதன்கிழமை ஒழியலையே" என்பாள்.

அவளுக்கு ஒரு வரம் வாய்த்திருந்தது. எந்தக் கருவியின் துணையும் இல்லாமல், வேண்டிய சுரத்தைத் தலைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பாள். ஒத்திகையில் பியானோ உண்டு, மேடையில் ஊர்வேதான். குழுவை நடத்தும் தாவோ அவளைப் பார்த்துத் தலையசைப்பார். அவள் மெல்ல முனகுவாள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொடங்குவார்கள். மற்ற ஊர்க் குழுக்கள் சுருதி பிடிக்க இசைக்கவை என்ற இரும்புக் கவட்டையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்க்கும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு இளக்காரம்.

அறுபது வயதில் அந்த வரம் கைவிட்டது. முதலில் தேவாலய மணி சுருதி உயர்ந்து ஒலித்தது. மணியை மாற்றிவிட்டீர்களா என்று பாதிரியாரிடம் சண்டைக்கே போய்விட்டாள். பிறகு வானொலியும் உயர்ந்தது. ஊருக்கே சுருதி கெட்டுப் போயிருக்காது என்று உறைத்தபோது, யாருக்கும் தெரியாமல் ஓர் இசைக்கவை வாங்கித் தட்டிப் பார்த்தாள். எல்லாமே அவள் காதில் அரைக் கட்டை ஏறி விழுந்தன. அப்படியானால் அவள் வாயிலிருந்து வருவது அரைக் கட்டை இறங்கித்தான் வரும். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "காதுல குறை ஒண்ணுமில்ல. வயசானா சிலருக்கு இப்படி ஆகும், மருந்து கிடையாது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நார்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்தது. இளம் பெண் ஒருத்தி எழுதிய புதிய படைப்பை முதன்முதலாகப் பாட வேண்டும். நெடுநேரம் குரல்கள் மட்டும் போகும். கடைசியில் தேவாலயத்து ஆர்கன் வந்து சேரும். குரல்கள் எங்கே வேண்டுமானாலும் வழுக்கலாம், ஆர்கன் யாருக்காகவும் வளையாது.

பெர்கனுக்குப் போகும் வழியில், கப்பலின் சாப்பாட்டு மேசையில் ஊர்வே துணிந்து வாயைத் திறந்தாள்.

"தாவோ, சுருதி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

தாவோவின் முகம் வெளிறிவிட்டது. "நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க ஊர்வே. எப்பவும் போல குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"இல்ல, அது வந்து..."

"கப்பல்லயுமா சுருதி?" என்று குறுக்கே விழுந்தாள் மாரிகா. பாட்டு வரிசையில் பக்கத்து இடத்துக்காரி. "பேசாம அந்த மீனைத் தின்னுடி. இல்லன்னா எனக்குக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்வே ஒரு முடிவுக்கு வந்தாள். தலை சொல்வதற்கு அரைக் கட்டை மேலே கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். பெர்கன் விடுதியின் குளியலறையில் இசைக்கவையோடு பழகிப் பழகிப் பார்த்தாள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

தேவாலயம் நிரம்பியிருந்தது. தாவோ தலையசைத்தார். ஊர்வே அரைக் கட்டை ஏற்றி முனகினாள். சுத்தமான சுருதி.

குழு அதற்கும் அரைக் கட்டை மேலே எடுத்துப் பாடத் தொடங்கியது.

யாரும் தடுமாறவில்லை. சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள். சொல்லித்தான் வைத்திருந்தார்கள் என்பது ஊர்வேக்கு அந்த நொடியே விளங்கியது. அவள் சுருதி இறங்கியதை தாவோ எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல், அவள் கொடுப்பதற்கு அரைக் கட்டை மேலே எடுங்கள் என்று மற்றவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பிரியம்! அந்தப் பிரியத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பாட்டை நிறுத்த முடியாது. கையைத் தூக்க முடியாது. ஒரு வரியில் தன் குரலை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தாள். மாரிகா பாடிக்கொண்டே அவள் முதுகில் கை வைத்து, குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினாள். எதிரே தாவோ பாதிக் கண்ணை மூடி லயித்திருந்தார். மாடத்தில் ஆர்கன்காரர் தாளைப் புரட்டினார். குழு அன்றைக்குப் பாடியதுபோல் என்றைக்கும் பாடியதில்லை. ஊர்வேக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆர்கன் வந்தது, அரைக் கட்டை கீழே.

தாவோவின் கை அந்தரத்தில் நின்றது. சிலர் ஆர்கனைத் தேடி இறங்கினார்கள், சிலர் இறங்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்தப் பெண், பாட்டை எழுதியவள், வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் தாவோ வந்து ஊர்வேயின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அழுதிருந்தார்.

"தப்பு என்னோடது. சுருதி இறங்கிடுச்சுன்னு மட்டும்தான் நினைச்சேன். ஒரு நாள் கீழ, ஒரு நாள் மேலன்னு இப்படி ஆடும்னு தெரியாமப் போச்சு."

"ஆடல தாவோ. இன்னிக்குச் சரியாத்தான் குடுத்தேன். குறை தெரிஞ்சுதான் ஏத்திக் குடுத்தேன்."

"சரி ஊர்வே, சரி. சரியாத்தான் குடுத்தீங்க" என்று தாவோ அவசர அவசரமாகத் தலையாட்டினார். நம்பியிருந்தால் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டார்.

அவள் அந்தச் சுரத்தை அங்கேயே முனகிக் காட்டினாள். ஒருவரும் சரிபார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சத்தியமாடி மாரிகா, சரியாத்தான் குடுத்தேன்."

"ஆமாடி, ஆமா" என்றபடி மாரிகா அவளுக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, கழுத்துவரை பொத்தான்களை மாட்டினாள்.