இரண்டாவது மீட்டரும் பூஜ்ஜியம்

அப்பா இறந்தபின் தம்பி ஜூடுவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் பிலோமினாள். அம்மாவைக் கடைசிவரை எழுமலை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக அவன் வாக்குக் கொடுத்ததால், அந்த வீட்டில் தமக்கிருந்த பங்கையும் அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். மதுரையில், மின் அலுவலகத்தில், ஸ்மார்ட் மீட்டர்கள் அனுப்பும் அளவுகளைக் கணினியில் சரிபார்ப்பது அவர் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு எழுமலைக்குப் போவார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் மற்ற நாள்களில் தம்பியிடம்தான் போனில் விசாரிப்பார்.

ஒருநாள், பூஜ்ஜியம் காட்டும் மீட்டர்களின் பட்டியலில் அந்த வீட்டு எண்ணும் வந்தது. பத்து நாளாக ஒரு யூனிட்கூட ஏறவில்லை. தம்பியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. மீட்டர் பழுது என்று குறித்து, வெளிச்சுவரில் புதியதை மாட்டச் செய்தார். மறுவாரம் அதுவும் பூஜ்ஜியமே காட்டியது.

அன்றே பஸ் ஏறினார். வீடு பூட்டிக் கிடந்தது.

"என்னக்கா, தெரியாத மாதிரி நிக்கிறீக?" என்றாள் பக்கத்து வீட்டு நாகஜோதி. "அம்மாவச் சமயநல்லூர் முதியோர் ஹோம்ல விட்டுட்டு, ஜூடு அண்ணே பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டாருல்ல. அக்கா சொல்லித்தான் செய்யிறேன்னாரே!"

பிலோமினாள் வாசலில் நின்றபடியே தம்பியை அழைத்தார்.

"அம்மா எங்கடா?"

"வீட்லதான்க்கா. ஃபேனுக்குக் கீழ தூங்குறாக."

"எம்புட்டு நேரமா ஓடுது ஃபேன்?"

"காலையில இருந்து ஓடுதுக்கா."

பிலோமினாள் போனை வைத்துவிட்டு, சமயநல்லூருக்கு அடுத்த பஸ் எப்போது என்று நாகஜோதியிடம் விசாரித்தார்.