பிரேசர் டவுனில் நான்கு கேபிள்கள்

கணினித் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் துறையில் பதினைந்து வருடங்கள் வேலை பார்த்தும், நாற்பத்து மூன்று வயதுவரை நான் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியைக் கையால் தொட்டதில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, வேறு வேறு நாடுகளில் இருக்கும் பெட்டிகளைத் திரையில் பார்த்து இயக்குவதுதான் என் வேலை. எங்காவது இணைப்பு அறுந்தால் "கேபிளைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவேன். அந்த ஊரில் யாரோ ஒருவர் போய்ப் பார்ப்பார். அவர் யார், எவ்வளவு நேரம் அந்த ஏசிக் குளிரில் நின்றார் என்றெல்லாம் நான் கேட்டதில்லை.

சென்ற வருடம் ஆட்குறைப்பில் வேலை போனது. நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். கடைசியில் பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள ஒரு சிறு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. கிளினிக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினிச் சாமான்கள் விற்று, பொருத்தியும் கொடுக்கிறவர்கள். "சைட்டுக்குப் போவீங்கல்ல?" என்று முதலாளி கேட்டார். போவேன் என்றேன். கையால் பொருத்திய அனுபவம் உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

முதல் வேலை பிரேசர் டவுனில் ஒரு ஸ்கேன் சென்டர். ஸ்கேன் படங்கள் நிறைந்து பழைய பெட்டியில் இடமில்லை. புதிய ஸ்டோரேஜை அங்கே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளோடு இணைக்க வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் கூட்டம் குறையும், அப்போது வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் போனபோது வாசலில் ஒரு பெண் ஏணியோடும் பையோடும் நின்றிருந்தார். எங்கள் கம்பெனிக்குக் கேபிள் வேலை செய்து கொடுப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "வாங்க சார், உங்களுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அட்டைப்பெட்டியைப் பிரித்தோம். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இவ்வளவு பெரியதா என்பதுதான். முன்பக்கம் வரிசையாக இருபத்து நான்கு டிஸ்குகள். ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

"சார், இருங்க. டிஸ்க்க கழட்டாம தூக்குனா முதுகு போயிடும்."

ஒவ்வொரு டிஸ்காக வெளியே இழுத்து, துண்டு டேப் ஒட்டி, மார்க்கரால் எண் எழுதி, அட்டையின்மேல் வரிசையாக அடுக்கினார். எது எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் டேப் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியதில்லை. இருவரும் தூக்கி ரேக்கில் ஏற்றினோம். திருகை நான் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இது உங்களுக்கு முதல் தடவையா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஸ்க்ரீன்ல நூறு பெட்டி பாத்திருக்கேன். கையால இதுதான் முதல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஓ, போன் பண்ணி 'கேபிள் செக் பண்ணு'ன்னு சொல்ற ஆளா நீங்க? நாங்க ஏற்கெனவே மூணு தடவ செக் பண்ணியிருப்போம். நாலாவது தடவயும் சொல்வீங்க."

"நான்தான் அது" என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

பெட்டியின் பின்புறம் அதை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சுவிட்சுகளுக்கும் தலா ஒரு கேபிள், மொத்தம் நான்கு. ஒரு சுவிட்சோ ஒரு கன்ட்ரோலரோ செத்தாலும் மற்றது தாங்கும். இதைப் படமாக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கையில் எடுத்தபோது கேபிள் நூல்போல மெல்லியதாக இருந்தது. இடம் பற்றவில்லை என்று மடக்கப் போனேன். "உள்ள கண்ணாடி சார், ஒடிஞ்சிடும்" என்று வாங்கிக்கொண்டு, பெரிய வளையமாகச் சுற்றித் தொங்கவிட்டார்.

முதல் சுவிட்சுக்குப் போன இரண்டு கேபிள்களிலும் உடனே பச்சை விளக்கு எரிந்தது. எதிர் ரேக்கில் இருந்த இரண்டாவது சுவிட்சுக்குப் போன நீளமான இரண்டிலும் ஒன்றுமில்லை. லேப்டாப்பைத் திறந்து, தெரிந்த கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன். இணைப்பு இல்லை என்பதையே திரை திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த இளைஞர் கதவருகே வந்து நின்று, "ஆய்த்தா சார்?" என்று கேட்டார். முடிந்ததா என்கிறார். "ஸ்வல்ப டைம் கொடி", கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று அந்தப் பெண்ணே பதில் சொல்லி அனுப்பினார்.

பிறகு, விளக்கு எரியாத இரண்டில் ஒரு கேபிளை ஸ்டோரேஜ் பக்கம் உருவி, அதன் முனையைத் தன் போன் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "கண்ணால நேரா பாக்காதீங்க, போன்ல பாருங்க." முனையில் இரண்டு இழைகள். ஒன்றில் மட்டும் ஊதா நிறத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அடுத்து கேமராவை ஸ்டோரேஜின் துளைகள் பக்கம் திருப்பினார். அங்கேயும் ஒன்றில் புள்ளி.

"வெளிச்சம் வர இழைய, வெளிச்சம் வர ஓட்டையிலயே சொருகிக்கினு இருக்கோம். ரெண்டு பேரும் பேசறாங்க, கேக்கத்தான் ஆளில்ல."

முனையின் சிறு கிளிப்பைப் பிரித்து, இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் சொருகினார். பச்சை. அடுத்ததை என்னிடம் நீட்டி, "நீங்க பண்ணுங்க" என்றார். கிளிப் திறக்க வெகுநேரம் தடவினேன். அதுவும் பச்சையானது. பதினைந்து வருடத்தில் எத்தனை பச்சைப் புள்ளிகளைத் திரையில் பார்த்திருப்பேன். எதற்கும் இப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த சிக்கல் என் பங்கு. சர்வரிலிருந்து புதிய பெட்டியைத் தொட முடிந்தது. ஆனால் ஒரு ஸ்கேன் படத்தைக் காப்பி செய்ய ஆரம்பித்ததும் அப்படியே நின்றது. அவர் கேபிளைப் பார்க்க எழுந்தார். "இல்ல, உக்காருங்க. இது கேபிள் இல்ல" என்றேன். சின்னச் செய்தி போகிறது, பெரியது போகவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஸ்டோரேஜிலும் சர்வரிலும் தகவலைப் பெரிய பொட்டலமாக அனுப்பச் சொல்லியிருந்தது. சுவிட்சில் யாரும் அளவை மாற்றவில்லை. இரண்டு சுவிட்சிலும் நாலு வரி அடித்தேன். படம் ஓடத் தொடங்கியது.

"என்ன பண்ணீங்க?"

"பெரிய மூட்டைய அனுப்புறாங்க, நடுவுல வாசல் சின்னதா இருந்துச்சு."

"வாசல பெருசு பண்ணிட்டீங்க" என்றவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த நாலு வரிய எனக்கு எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு சோதனை பாக்கி. மற்றவை தாங்குகின்றனவா என்று, வேலை நடக்கும்போதே ஒரு கேபிளை உருவிப் பார்க்க வேண்டும். அந்த இளைஞருக்குப் பயம், "எல்லாம் ஓடுதல்ல, எதுக்கு சார்?" என்றார். எனக்கும் பயம்தான். ஆனாலும் பார்க்காமல் போக மனம் வரவில்லை. பக்கத்து அறையில் மருத்துவர் புதிய பெட்டியில் இருந்த ஒரு முழங்கால் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உருவினேன். ஒரு விளக்கு அணைந்தது. மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சற்று நேரத்தில் மருத்துவரே எட்டிப் பார்த்து, "டெஸ்ட் பண்ணப்போறதா சொன்னீங்களே, எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

வெளியே வந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது. தெருமுனைப் பேக்கரியில் டீ குடித்தோம். அங்கே கொடுத்த பில்லின் பின்பக்கம் அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்தேன், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்பதோடு. அடுத்த சைட்டுக்கும் அவரையே அனுப்பச் சொல்லி முதலாளிக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

அதன்பின் ஏழெட்டு இடங்களுக்கு ஒன்றாகப் போய்விட்டோம். என் பையில் இப்போது டேப்பும் மார்க்கரும் உண்டு. போன வாரம் நான் வேறு சைட்டில் இருந்தபோது அவர் பொம்மனஹள்ளியிலிருந்து கூப்பிட்டார். ஏதோ மாட்டிக்கொண்டார் என்று நினைத்து, "சொல்லுங்க, எந்த லைட் எரியல?" என்றேன்.

"எல்லாம் எரியுது சார். ரெண்டு சுவிட்சும் நானே செட் பண்ணிட்டேன். சும்மா சொல்லலாம்னு பண்ணேன்" என்றார்.