பூஜையில் வைத்த புத்தகங்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது ஆகாத குணம் என்று என் கணவர் சொல்வார். ஆகட்டும். மைசூரில் எங்கள் கிளை நூலகத்தின் சின்ன அறையை இத்தனை வருஷமாக நான்தான் நடத்துகிறேன், ஒரு குழந்தையும் என் கோபத்துக்குப் பயந்து ஓடிப்போனதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பை வாசலில் உதறிவிட்டு வந்து பாயில் விழுவார்கள். வீட்டில் தமிழ், உருது, கன்னடம் என்று எதைப் பேசினாலும் இங்கே கையில் எடுப்பது கன்னடப் புத்தகம்தான். சத்தம் போட்டுத்தான் படிப்பார்கள். வாய்க்குள் படிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு வராது, நானும் வற்புறுத்துவதில்லை.

வினையே அந்தச் சத்தத்தில்தான் வந்தது. பக்கத்து அறை, அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்காருகிற இடம். காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். இடமும் போதாது, அதோடு சுவர் தாண்டி எங்கள் பிள்ளைகளின் சத்தம் வேறு. சாப்பிடப் போகும்போது நோட்டையும் கைடையும் மேஜை மேல் விரித்துப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்பு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். குழந்தைகள் அறையைத் தங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், குழந்தைப் புத்தகங்களை வராந்தாவில் இரண்டு பீரோவில் வைத்தால் போதும் என்று. முதல் கையெழுத்து தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகாலிலிருந்து வந்து இங்கே பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணுடையது. தசரா விடுமுறை முடிந்ததும் வந்து முடிவு சொல்வதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்தக் கொள்ளேகால்காரியை மனதுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

நான் பயந்தது முக்கியமாக ஒரு சிறுமிக்காக. நான்காம் வகுப்பு. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், தருமபுரிப் பக்கத்துக்காரர்கள். கட்டுகிற அடுக்குமாடி வளாகத்திலேயே தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். தமிழில் வாயாடுவாள், கன்னடத்தில் படிப்பாள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முகவரிச் சான்று வேண்டும், இல்லையென்றால் நூலகத்தில் உறுப்பினராக இருக்கிற யாராவது ஜாமீன் போட வேண்டும். ஷெட்டுக்கு ஏது முகவரி? அவளுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? இங்கே வேலை செய்கிறவர்கள் ஜாமீன் போடவும் கூடாது, இல்லாவிட்டால் நானே போட்டிருப்பேன். ஆகவே அவளுக்குப் படிப்பு என்றால் அந்த அறையும் அந்தப் பாயும்தான். வராந்தா முழுக்க இரண்டு சக்கர வண்டி நிற்கும். அங்கே அவள் எங்கே உட்காருவாள்?

விடுமுறைக்கு முந்தின நாள் நூலகத்தில் ஆயுத பூஜை. எல்லா வருஷமும் போல இந்த வருஷமும் புத்தகங்களை அடுக்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டேன். ஒரே ஒரு கண்டிப்பு. நூலக முத்திரை உள்ள புத்தகத்தின் மேல் குங்குமம் படக்கூடாது, காகிதத் துண்டில் வைத்து அதைத்தான் மேலே வைக்க வேண்டும். சொல்லிவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்கப் போன ஆளை இன்னும் காணோமே என்று வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் குவியல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்து அறைப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் மேஜையில் கிடந்த நோட்டு, கைடு, வினாத்தாள் கட்டு எல்லாவற்றையும் நம் குழந்தைகள் பொறுக்கி வந்து அடுக்கியிருந்தார்கள். பாவம், புத்தகம் என்றால் பூஜைக்குத்தானே! என் கண்டிப்பையும் அப்படியே காப்பாற்றியிருந்தார்கள். அவற்றில் நூலக முத்திரை இல்லையல்லவா, அதனால் ஒவ்வொன்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் மணி அடித்துக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

பரீட்சைப் பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்குப் பரீட்சை. நூலகமோ இரண்டு நாள் மூடியிருக்கும். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக் கூடாது. சண்டை வரப்போகிறது என்று நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். சண்டையே வரவில்லை. அத்தனை பேரும் குவியலைச் சுற்றி நின்று விழித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, ஒரு கையும் நீளவில்லை. பரீட்சை நேரத்தில் சரஸ்வதியைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? நாளைக்கு ஆபீசராகி ஊரையே ஆளப்போகிறவர்கள், ஒரு நோட்டை எடுக்கப் பயந்து நிற்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை என்பது வேறு விஷயம். கொள்ளேகால் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய நோட்டுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

அப்போது அந்தக் கொத்தனார் மகள் முன்னால் வந்தாள்.

"போன வருஷம் எங்கப்பா பூசுற கரண்டிய பூஜையில வெச்சிருந்தாரு. அதுக்குள்ள கான்கிரீட் வண்டி வந்துருச்சு. சாமிகிட்ட கேட்டுட்டு எடுத்துக்கிட்டாரு. சாமி ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. மேலே இருந்த நோட்டை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

அதன் பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. வரிசையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரவர் புத்தகத்தை எடுத்தார்கள். கொள்ளேகால் பெண் மட்டும் நகரவில்லை. என் நோட்டை ஏன் மேலே வைத்தாய் என்று தமிழில் கேட்டாள். அக்கா மற்ற நாளெல்லாம் சாப்பிடக்கூடப் போகாமல் படிக்கிறீர்கள், சாமிக்கு முதலில் தெரியட்டும் என்று வைத்தேன் என்றாள் சிறுமி. அப்புறம் இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டே பொரி தின்றார்கள். நீ வீட்டில் என்ன புத்தகம் படிப்பாய் என்று பெரியவள் கேட்டது என் காதில் விழுந்தது. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள் அக்கா, எங்களுக்கு அட்ரஸ் இல்லை என்று சின்னவள் சாதாரணமாகச் சொன்னாள்.

விடுமுறை முடிந்து மேலதிகாரி வந்த அன்று அந்தப் பெண்ணே முன்னால் போய்ப் பேசினாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கிற அறையைக் கொடுங்கள், நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம் என்றாள். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அதிகாரிக்கும் தலைவலி விட்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படி எளிதில் அழுகிறவள் இல்லை நான்.

சாயங்காலம் அவள் என் மேஜைக்கு வந்தாள். அந்தச் சிறுமிக்குத் தான் ஜாமீன் போடுவதாகச் சொன்னாள். நான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். கட்டடம் முடிந்தால் அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவார்கள், புத்தகம் போய்விடும், பதில் சொல்ல வேண்டியது நீதான் என்று.

"போனாப் போகட்டுங்க மேடம். எங்க போனாலும் அவ கையில ஒரு புக்காவது இருக்குமில்லீங்க."

பேனாவை நீட்டினேன். அன்றிலிருந்து சிறுமி வாரா வாரம் ஒரு புத்தகத்தை ஷெட்டுக்கு எடுத்துப்போனாள், கசங்காமல் கொண்டுவந்தாள். கோடையில் கட்டடம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை அவளும் அவள் கொண்டுபோன புத்தகமும் வரவில்லை, அடுத்த சனியும் வரவில்லை. எந்த ஊருக்குப் போனார்கள் என்று அங்கே காவல்காரருக்கும் தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்காமலே கொள்ளேகால் பெண் அதே புத்தகத்தின் புதுப் பிரதி ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். அந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடன் தீராது.

திரும்பி வராத புத்தகத்துக்காக எத்தனையோ வீட்டு வாசலில் போய்க் கத்தியிருக்கிறேன். அந்த ஒரு புத்தகம் மட்டும் திரும்பி வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.